அப்பாவுக்குக் கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டப் போனேன்



"வயதான பெற்றோர் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது பணமா, நேரமா?" என்பது இன்றைய தலைப்பு. நேரம்தான் என்று ஒரு நண்பர் அழகாகப் பேசினார். பணமில்லாமல் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு பேருக்கும் நீங்கள் கை தட்டினீர்கள். நான் எந்தப் பக்கம் பேசப் போகிறேன் என்று அவைத்தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். ஐயா, நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. பணத்தையும் கொடுத்து, நேரத்தையும் கொடுத்து, இரண்டையுமே தப்பாகக் கொடுத்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

என் அப்பா சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் போன பிறகு லோரி ஓட்டினார். இப்போது அறுபத்தேழு வயது. நான் கோலாலம்பூரில் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு தடவை, அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று அப்பா தலைநகருக்கு வந்தது இரண்டே முறைதான். இரண்டு முறையும் வேனில் வந்தார், வேனிலேயே திரும்பினார். "ரெண்டு நாள் இருங்கப்பா" என்றால், "கோழிக்கு யார் தீனி போடறது?" என்பார். மொத்தம் எட்டுக் கோழிகள்.

ஆனால் என் நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. நிகழ்ச்சி முடிந்த ஐந்தாவது நிமிடம் என் கைப்பேசி அடிக்கும். அப்பா நிறையப் பேச மாட்டார். "நல்லாப் பேசுன, பாப்பா" என்பார். அவ்வளவுதான், வைத்து விடுவார். நான் சொதப்பிய நிகழ்ச்சிகள் உண்டு. விருந்தினர் பெயரை மாற்றிச் சொன்ன நாள் உண்டு. அன்றைக்கும் அதே வார்த்தைதான். அப்பாவுக்கு நல்லது கெட்டது தெரியாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக் கொள்வேன்.

போன வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. அப்பாவை ஒரு நாள் கூட்டி வந்து தலைநகரைச் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலமே வண்டி ஏற்றி விடுவது என்று முடிவு செய்தேன். கோழிகளுக்கும் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை இரவே நான் ஊருக்குப் போய்விட்டேன், காலையில் அவரோடு சேர்ந்து வருவதற்காக.

நான் வேலை செய்வது தொலைக்காட்சியில். எங்களுக்கு எதற்கும் ஓர் அட்டவணை வேண்டும். அப்பாவுக்கும் ஓர் அட்டவணை தயாரித்தேன். பதினொரு மணிக்கு இரட்டைக் கோபுரம், டிக்கெட் முன்பதிவு செய்தாகிவிட்டது. ஒரு மணிக்குப் பேரங்காடியில் நல்ல உணவகத்தில் சாப்பாடு. மூன்று மணிக்கு மெர்டேக்கா 118 கோபுரத்தை வெளியில் நின்று பார்த்துப் படம் பிடிப்பது. நான்கரைக்குப் பிரிக்பீல்ட்ஸில் தேநீர். பிறகு ரயில். இதில் அப்பாவிடம் நான் கேட்டுச் சேர்த்தது எது என்றால், ஒன்றுமே இல்லை. வெகுஜனத் தொடர்பியல் டிப்ளோமா படித்தபோது எங்கள் விரிவுரையாளர் முதல் வாரத்திலேயே சொன்னார், விருந்தினரைக் கேட்காமல் நிகழ்ச்சி தயாரிக்காதே என்று. மற்றவர்களுக்கு அதைச் செய்கிறோம்.

காலையில் ஏறியது இடிஎஸ் மின்ரயில். 2010இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓட ஆரம்பித்தது, 2015க்குப் பிறகு வடக்கே பாடாங் பெசார் வரைக்கும் போகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் தலைநகர். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை. மூத்த குடிமக்களுக்குக் கட்டணக் கழிவு உண்டு என்பதால் அட்டையை வைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அப்பா, கேட்கிறவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் அட்டையை எடுத்து நீட்டுவார். அன்று டிக்கெட் பரிசோதகர் வந்தார், நீட்டினார். வண்டியில் தண்ணீரும் பிஸ்கட்டும் விற்கிற பையன் வந்தான், அவனுக்கும் நீட்டினார். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே போனான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மடியில் ஒரு துணிப்பை. அதில் மாத்திரை, தண்ணீர்ப் போத்தல், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம். "நான்தான் நல்ல ஓட்டல்ல சாப்பாடு சொல்லி வெச்சிருக்கேனே" என்றேன். "இருக்கட்டும், கெட்டுப் போகாது" என்றார்.

வடக்கிலிருந்து வரும் ரயில் கேஎல் சென்ட்ரலை அடைவதற்கு ஒரு நிலையத்துக்கு முன்பு பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தைக் கடந்துதான் வரவேண்டும். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேர் என்று, கோபுரமும் குடைவிமானமுமாக, அரண்மனை போல இருக்கும். 1910இல் திறந்தது. ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. எதிரில் இருக்கும் ரயில்வே தலைமையகம் 1917இல் எழும்பியது. 2001இல் கேஎல் சென்ட்ரல் வந்ததும் இந்த நிலையத்தின் பரபரப்பெல்லாம் அங்கே போய்விட்டது. நானே இந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருப்பேன்.

வண்டி பழைய நிலையத்துக்குள் மெல்ல நுழைந்ததும் அப்பா எழுந்து நின்று விட்டார். பையைத் தோளில் மாட்டிக் கொண்டார். "இறங்கணும்" என்றார். "இங்க இல்லப்பா, அடுத்ததுல" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தார். ஆனால் தலை மட்டும் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக் கொண்டே வந்தது. எதற்கென்று நான் கேட்கவில்லை. பதினொரு மணி டிக்கெட் என் மனதில் ஓடிக் கொண்டிருந்தது.

இரட்டைக் கோபுரத்துக்குப் போனோம். நடுவில் ஒரு சிறு விஷயம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். நகரும் படிக்கட்டு என்றால் அப்பாவுக்குப் பயம். காலை எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடியில் அவர் நின்று விடுவார், பின்னால் வருகிறவர்கள் முட்டிக் கொள்வார்கள். மின்தூக்கி எப்போதும் மேடையின் அந்தக் கோடியில்தான் இருக்கும். பதினைந்து நிமிடம் என்று நான் கணக்குப் போட்ட தூரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. நான் வேகமாக நடப்பதும், திரும்பிப் பார்ப்பதும், நிற்பதுமாக இருந்தேன். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஒன்றும் சொல்லவில்லை.

452 மீட்டர் உயரம், 88 மாடி, 2004 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான் என்றெல்லாம் நிகழ்ச்சி நடத்துகிற குரலில் விளக்கினேன். 41ஆவது மாடியில் இரண்டு கோபுரத்தையும் இணைக்கும் பாலத்தில் நின்றோம். பிறகு 86ஆவது மாடிக்கு ஏறினோம். எல்லோரும் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே எதையோ தேடினார்.

"ரயில் ஸ்டேஷன் எந்தப் பக்கம் பாப்பா?"

"அந்தப் பக்கம் இருக்கும்ப்பா. எதுக்கு?"

"சும்மாத்தான்."

நேயர்களே, ஒரு விருந்தினர் என் எதிரில் உட்கார்ந்து "சும்மாத்தான்" என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கவே மாட்டேன். அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டி எடுத்திருப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்பாவிடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஒரு மணிக்கு உணவகம். அப்பா மெனு அட்டையில் விலையை மட்டும் படித்தார். "ஒரு தேத்தண்ணி பன்னெண்டு வெள்ளியா?" என்றார். பிறகு பசிக்கவில்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்காகத்தானே நான் லீவு போட்டுட்டு இதெல்லாம் ஏற்பாடு பண்ணேன்? எதுலயுமே உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

அப்பா பொறுமையாகத் தண்ணீரைக் குடித்தார். "கோவப்படாத பாப்பா. எனக்கு ஒரே ஒரு எடம் பார்க்கணும். அந்தப் பழைய ஸ்டேஷனு. ஒரு அரை மணி நேரம் போதும்" என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. ரயில் நிலையத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் போனோம். கேஎல் சென்ட்ரலுக்குத் திரும்பி, அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம்.

அந்த நேரத்தில் மேடையில் ஆள் அதிகம் இல்லை. அப்பா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தார். ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். மேலே இரும்புக் கூரையைப் பார்த்தார். "இங்கதான்... இல்ல, அங்க இருக்கும்" என்றார். கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவின் புளிச்சோற்றைப் பிரித்தார். எனக்குப் பாதி கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். முப்பது வருடத்துக்கு மேல் நான் கேட்டிராத கதை.

அதைச் சொல்வதற்கு முன்னால் இளைய நேயர்களுக்காகக் கொஞ்சம் சரித்திரம். என் தாத்தா துறையூர்ப் பக்கத்துக்காரர். 1937இல் பதினெட்டு வயதில் கங்காணி மூலமாக வந்தவர். அதற்கு அடுத்த ஆண்டு, 1938இல், இந்திய அரசாங்கம் அப்படித் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. தாத்தா 1919இல் பிறந்தவர். எங்கள் ஊர்ப் பெரியவர் துன் சம்பந்தன் அவர்களும் அதே வருடம்தான். அப்பா இதை ஏதோ உறவு சொல்வது போலச் சொல்வார். மெர்டேக்கா வந்த சமயத்தில் குடியுரிமைக்கு மனுச் செய்யுங்கள் என்று தோட்டம் தோட்டமாக வந்து சொன்னார்கள். என்றைக்கோ ஒரு நாள் ஊருக்குப் போகப் போகிறவன்தானே என்று தாத்தா அதை விட்டுவிட்டார். தாத்தாவுக்குச் சிவப்பு அடையாள அட்டை. பாட்டிக்கு நீலம். அப்பா 1958இல் பிறந்தவர். மெர்டேக்காவுக்குப் பிறகு இங்கே பிறந்ததால் பிறப்பிலேயே குடிமகன். ஒரே லயத்து வீட்டில் இரண்டு நிறத்தில் அட்டைகள்.

1968இல் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பிறகு இது கடுமையாக அமலுக்கு வந்தது. நேற்று வரை மரம் வெட்டிக் கொண்டிருந்தவர்களுக்கு இன்றைக்கு வேலை இல்லை. அந்தக் காலகட்டத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படிக் கப்பல் ஏறியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டு விடுங்கள்.

1970 டிசம்பர், பள்ளி விடுமுறை. அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்திருந்தார். தாத்தா கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போகவேண்டும். தாத்தாவுக்கு வந்த மலாய், கடைத்தெரு மலாய். கிராணியைத் துணைக்குக் கூப்பிட்டால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். பையன்தான் பள்ளிக்கூடத்தில் மலாய் படிக்கிறானே, அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று தாத்தா முடிவு செய்தார்.

இரவு ரயில், மூன்றாம் வகுப்பு. விடியும்போது இந்த நிலையத்தில் இறங்கினார்கள். அப்பா பள்ளிச் சீருடை போட்டிருந்தார். வேறு நல்ல சட்டை இல்லை. குழாயில் முகம் கழுவி, தாத்தா தன் துண்டால் அவருக்குத் தலை துவட்டிவிட்டார். எண்ணெய் இல்லாமல் தண்ணீரைத் தொட்டே தலை சீவிவிட்டார். பிறகு விசாரித்து விசாரித்து நடந்தே போனார்கள். அலுவலகம் எந்தத் தெரு என்று அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. நிறையப் படிக்கட்டு, ஓடாத மின்விசிறி, நீள பெஞ்சு, அந்த பெஞ்சு நிறைய நம் ஆட்கள். இதுதான் ஞாபகம்.

கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான், பையனைப் பார்த்துச் சிரித்தார் என்கிறார் அப்பா. பெயர், வயது, தோட்டம், எல்லாவற்றுக்கும் அப்பா பதில் சொல்லிவிட்டார். அப்புறம் அவர் கேட்டார், "பெர்னா பாலிக் இந்தியா?"

மலாய் தெரிந்தவர்களுக்குப் புரியும். எப்போதாவது இந்தியாவுக்குப் போய் வந்திருக்கிறாரா என்று கேள்வி. 'பெர்னா' என்ற சொல் அப்பாவுக்குத் தெரியவில்லை. 'பாலிக்' தெரியும், திரும்பிப் போவது. 'இந்தியா' தெரியும். தாத்தாவிடம் திரும்பி, "இந்தியாவுக்குத் திரும்பிப் போகணுமான்னு கேக்கறாருப்பா" என்று சொன்னார். தாத்தா கொஞ்சம் யோசித்தார். "என்னைக்கி இருந்தாலும் போக வேண்டியதுதான்" என்றார். வயதான மனிதர், ஊர் ஞாபகம். அப்பா அதிகாரியைப் பார்த்து, "யா, மௌ பாலிக்" என்றார். ஆமாம், திரும்பிப் போக விரும்புகிறார்.

அதிகாரி தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதினார்.

வெளியில் வந்ததும் தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். மகன் மலாயில் அதிகாரியிடம் பேசியதை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். இந்த நிலையத்துக்குத் திரும்பி வந்து, இரவு ரயில் வரும் வரைக்கும் இருவரும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியில் தள்ளுவண்டியில் ஐஸ் உருண்டை விற்றார்கள். ஐஸைச் சீவி உருட்டி, சிவப்புப் பாகு ஊற்றிக் கையில் கொடுப்பார்களே, அது. தாத்தா ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொள்ளவில்லை. மகன் அதை உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம், "நல்லாப் பேசுனடா."

சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. மனு ஏற்கப்படவில்லை. ஏன் என்று அதில் எழுதவில்லை. அப்பா வீட்டில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு பள்ளியில் 'பெர்னா' என்ற சொல் பாடத்தில் வந்தது. அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. அதற்குள் தாத்தா பினாங்கில் கப்பல் ஏறிவிட்டார். ரஜுலா கப்பல். 1926இல் கட்டிய பழைய கப்பல், 1973இல் ஓட்டத்தை நிறுத்திக் கொண்டது. வேலை செய்ய அனுமதி இல்லாமல் மனைவி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட மனமில்லை, ஊருக்குப் போய்ச் சமாளித்துக்கொண்டு இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீல நிறக் காற்றஞ்சல் கடிதங்கள் வந்தன. 1976இல் வேறு யாரோ எழுதிய கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அத்தோடு முடிந்தது. அப்பா பதினான்கு வயதில் பால்வாளியைத் தூக்கினார்.

இதைச் சொல்லும்போது அப்பா அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஒரே ஒரு வார்த்த பாப்பா. அந்த ஒரு வார்த்த எனக்குத் தெரிஞ்சிருந்தா எங்கப்பா போயிருக்க மாட்டாரு" என்றார். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு ஐம்பத்தைந்து வருடமாக ஒரு மனிதர் மரம் வெட்டியிருக்கிறார், லோரி ஓட்டியிருக்கிறார், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார், கேட்காதவர்களிடமும் அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார்.

நான் என்ன சொல்வது? எனக்குப் பேசத் தெரியும் என்று ஊரே சொல்கிறது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு நிகழ்ச்சிக்காக எப்போதோ நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அப்பா, குடியுரிமைக்கு மனுச் செய்கிறவருக்கு ஓரளவு மலாய் தெரிந்திருக்கணும்னு அரசியலமைப்புச் சட்டத்துலயே இருக்கு. தாத்தாவுக்குப் பதிலா நீங்க பேச வேண்டி வந்தப்பவே அந்த மனு கஷ்டம்தான். அது மட்டுமில்ல, அப்போ நாட்டை விட்டுப் போனவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. அறுபதாயிரம் பேர்."

அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. தங்கள் தோட்டத்தில் போன ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும்தான் அவருக்குத் தெரியும். "எவ்வளவு?" என்று மறுபடியும் கேட்டார். அறுபதாயிரம் என்றேன். ஒரு கொம்யூட்டர் வந்து நின்று, நாலு பேரை இறக்கிவிட்டுப் போனது.

"அப்போ, அறுபதாயிரம் பேருக்கும் நான்தான் மலாய் பேசியிருக்க முடியாது" என்றார்.

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் மனதில் இருந்தது முழுவதும் இறங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியெல்லாம் அரை மணி நேரத்தில் இறங்காது. நான் சொன்னதைச் சட்டம் படித்தவர்கள் வேறு விதமாகவும் சொல்லலாம். ஆனால் இலையை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவர், நிலையத்துக்கு வெளியில் போய்ப் பார்க்கலாம் என்று அவராகவே கூப்பிட்டார்.

வெளியில் ஐஸ் உருண்டைக்காரர் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் நின்று நிலையத்தை முழுவதுமாகப் பார்த்தார். "அப்போ இது இன்னும் பெருசா இருந்துச்சு" என்றார். அன்றைய ஒரே ஒரு நல்ல படம் அங்கேதான் எடுத்தேன். மெர்டேக்கா 118 அட்டவணையிலிருந்து போய்விட்டது. 678.9 மீட்டர் கட்டடம், அது எங்கும் போகாது, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸில் தேநீர் மட்டும் குடித்தோம். பன்னிரண்டு வெள்ளி இல்லை, எனவே அப்பா இரண்டு கோப்பை குடித்தார். சாலைப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். "ஜாலான் துன் சம்பந்தன். எங்க ஊர் ஐயா பேரு" என்று தேநீர் கலக்குகிறவரிடம் சொன்னார். அவர் எந்த ஊர் என்று கேட்டார். அப்பா சொன்னார். கேட்காமலே அடையாள அட்டையையும் எடுத்துக் காட்டினார். இந்த முறை எனக்கு வெட்கமாக இல்லை.

மாலை ரயிலில் ஏற்றிவிட்டேன். சுங்கை சிப்புட்டில் தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனான். இரவு பத்தரைக்கு அழைத்தார். கோழிகள் நன்றாக இருக்கின்றன என்றார். எனக்குத்தான் மனதில் ஒன்று உறுத்திக் கொண்டிருந்தது. "அப்பா, ஒவ்வொரு நிகழ்ச்சி முடிஞ்சதும் எங்கிட்ட நல்லாப் பேசுனன்னு சொல்றீங்களே" என்று ஆரம்பித்தேன். மேலே கேட்கத் தெரியவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ நல்லாத்தான பேசற" என்றார்.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்து விடுகிறேன். இந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்று போன வாரம் அப்பாவிடம் அனுமதி கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார். அப்பா, "தாராளமா சொல்லு. ஆனா அந்த அதிகாரிய மட்டும் திட்டிடாத பாப்பா. ஃபேன் ஓடாத ரூம்ல அந்த மனுசனும் காலையிலேர்ந்து உக்காந்திருந்தாரு" என்றார்.

இன்று இரவு அவர் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக் கொண்டிருப்பார்.